எந்தக் காலை

காலையில் கைவிறைப்பு இருக்கிறதா
என்று கேட்டார் டொக்டர் ஏபிஷர்.
எந்தக் காலை என்றேன்.
இரண்டரைக்கு எழும்பி
மூன்றேகாலுக்கு மா பிசைகிறவளின் காலையா,
வின்டர்த்தூர் நிலையத்தில்
ஆட்கள் கொட்டாவி விடுகிற காலையா?
அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

பிறகு கைகுலுக்குவதுபோல் பிடித்து
விரல்மொழிகளை ஒருசேர நெரித்தார்.
நோகிறதா?
இல்லை.
இப்போது?
இல்லை.
நல்ல கைகள் என்றார்,
வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்போல.
இரத்தத்தில்தான்,
என்று தாளை என் பக்கம் திருப்பினார்.
இருபதுக்குள் நிற்கவேண்டியது
இருநூற்றுப் பதினெட்டு.

லோஜினியக்காவுக்கு முடக்குவாதம் வந்து ஒன்பது வருசம்.
கூடப்பிறந்தவர்களைத் தேடும் ஆய்வு என்று
கடிதம் வந்தபோது
இரண்டு குழாய் இரத்தம்தானே என்று போனேன்.
பஸ் காசும் ஒரு தேத்தண்ணியும் தந்தார்கள்.

பிறபொருளெதிரி.
பத்தாம் வகுப்பில் விஞ்ஞான ரீச்சர்
கரும்பலகையின் இந்தக் கரையிலிருந்து
அந்தக் கரைவரை எழுதிய சொல்.
ஒரு மூச்சில் சொன்னவர்களுக்கு டொபி.
பிற என்றால் வெளியிலிருந்து வருவது
என்று எல்லோரும் எழுதினோம்,
முழுப்புள்ளி வாங்கினோம்.
இப்போது அது
என் மணிக்கட்டைப் பார்த்து
நீ எந்த ஊர் என்கிறது.
அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி எனக்குப்
பதினேழு வருசப் பழக்கம்:
வதிவிட அட்டை, வரித்தாள், வாடகை ஒப்பந்தம்.
மணிக்கட்டு பாவம்,
அது எதை எடுத்துக் காட்டும்?

எப்போது வரும்?
ஒரு வருடத்தில் வரலாம், ஏழில் வரலாம்.
வராமலே இருக்கிற ஆட்களும் உண்டு.
சிகரெட்டை விடுங்கள்.
பல்வைத்தியரிடம் ஈறுகளைக் காட்டுங்கள்.
வீங்கினால் அன்றைக்கே அழையுங்கள்.
நோயில்லாத எனக்கு
ஆறு மாதத்தில் அடுத்த தவணை.

பேக்கரிப் பின்வாசலில்
ஷ்ப்ரேசா சிகரெட் பெட்டியை நீட்டினாள்.
வேண்டாமென்றேன்.
அவள் கண் நேரே என் வயிற்றுக்குப் போனது.
சீச்சீ, பிள்ளை இல்லை,
ஆனால் என்னவோ ஒன்று வருகிறதாம், வராமலும் விடலாமாம்
என்று சொல்ல என் ஜெர்மன் போதவில்லை.
தமிழும்தான்.

இரவு அக்கா எடுத்தாள்.
"உனக்கு என்னவாம்?"
"நல்ல கையாம்."
"ம்."
அந்தப் பக்கம் டக்கென்று ஒரு சத்தம்,
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை,
பிறகு அவளுடைய மூச்சு.
போன் நழுவினால் அப்படித்தான் கேட்கும்.
இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

படுக்கமுன்
எலுமிச்சை ஊறுகாய்ப் போத்தலைத் திறந்து பார்த்தேன்.
திறந்தது.
மூடினேன். திறந்தேன்.
இடக்கையால் ஒருமுறை.
பிறகு இருக்கிற பலமெல்லாம் கூட்டி
மூடிவைத்தேன்.

ஏழு மணிக்கு, அது அவருடைய காலை,
வீட்டிலிருந்து செய்தி வந்தது:
இந்தப் போத்தலை யாரப்பா
இப்படி இறுக்கி மூடியது?
மாக்கையோடு வாசித்தேன்.
இன்னொருக்கா வாசித்தேன்.