காரணம்: போய்வர

ஒவ்வொரு தை மாதமும் முதற் கிழமை
எங்கள் கந்தோருக்கு ஒரு கடிதம் வரும்.
கொப்பித் தாள், ஓரத்தில் கிரீஸ் பட்ட பெருவிரல்.
நாயாற்றுக் களப்பின் கண்டலுக்குள்
வழியை மறிக்கிற கொப்புகளை மட்டும்
கைவாளால் அரிந்து விட அனுமதி.
விண்ணப்பதாரர்: ம. எமிலியானுஸ்,
சைக்கிள் திருத்துமிடம், குமுளமுனை.
ஊதியம் என்ற இடத்தில் ஒரு கோடு.
காரணம் என்ற இடத்தில்
ஒரு சொல்:
போய்வர.

இது போதாதென்று முதல் வருடம் திருப்பி அனுப்பினேன்.
அதே சொல்லுக்கு அடிக்கோடு போட்டு
மறுதபாலில் அனுப்பினார்.

பதினொரு வருடம்.
கோப்பு என் மேசையில் தடித்துக்கொண்டு வந்தது.
அந்தத் தண்ணீரில் நான் கால் நனைத்ததில்லை.
ஆனாலும் எனக்குத் தெரியும்,
மாரி கழியக் கூனிவாயில் ஒரு மரம் சரியும்.
ஆனையிறங்கில் சேறு இடுப்புமட்டும்.
நரிவளைவில் கிடக்கிற முதலை
"உங்கள் திணைக்களம் மாதிரி, பிள்ளை,
ஞாயிற்றுக்கிழமையில் அசையாது."
இப்படித்தான் எழுதுவார்.
மேலே 'அறிக்கை' என்று தலைப்பும் போடுவார்.

வழிக்கு அடையாளமாய்க் கட்டியது ரியூப்.
ஒட்டுக்கு மேல் ஒட்டு விழுந்து
இனிக் காற்றுத் தாங்காத பழைய ரியூப்பை
நாடாவாய் வெட்டி,
பள்ளிக்கூடச் சுவருக்கு அடித்து மிஞ்சிய
மஞ்சள் பெயின்ற் பூசிக் கட்டினார்.
ஏன் கயிறு கூடாதென்று மேலதிகாரி கேட்க
நான் கேட்டு எழுதினேன்.
"மரம் பருக்கப் பருக்கக் கயிறு இறுகும்.
ரப்பர் விட்டுக்குடுக்கும்."

பிறகு ஒரு தை மாதம்
தபாற்காரர் வந்தார், போனார்.
கார்த்திகை வெள்ளத்துக்குள் நின்றவராம்.
மாஞ்சோலை ஆஸ்பத்திரியில் எலிக்காய்ச்சல் என்றார்களாம்.
நாலு நாள்.

பங்குனியில் போனேன்.
அவரின் கடையில் நின்ற சுகிர்தன் தாங்கு குத்தினான்.
செருப்பை மடியில் வைத்துக்கொண்டு
முன்னணியத்தில் நான்,
கோப்பையும் கொண்டு போனேன், எதற்கென்று தெரியாமல்.
ஒரு மஞ்சள் மறைகிற இடத்தில்
அடுத்த மஞ்சள் தெரிந்தது.
அந்தத் தூரத்தை அளந்து கட்டியிருக்கிறார்.
இறால் பறியோடு எதிரே வந்தவர்கள்
வள்ளத்தை ஒதுக்கி வழி விட்டார்கள்.
ரோட்டால் என்றால் ஒரு மணித்தியாலம், என்றார் ஒருவர்,
யாரோ கேட்டதுபோல.

கோப்பில் வழிகள் ஆறு.
களப்பில் வாய்கள் ஏழு.
ஏழாவதில் கொப்போடு கொப்புக் கோத்துக் கிடந்தது,
ஒன்றிலும் வாளின் தடமில்லை.
வாசலில் நின்ற கண்டலில் மட்டும் ஒரு ரியூப்.
பெயின்ற் இல்லை. கறுப்பு.

"இதுக்குள்ளை?"

சுகிர்தன் தாங்கை ஊன்றி வள்ளத்தை நிப்பாட்டினான்.
"இதாலை ஒரு இரவு சனம் போனதெண்டு சொன்னவர்.
வந்ததைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்லை.
நானும் கேக்கேல்லை."

நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக்
காய்ந்துகொண்டிருந்தது.
கையை நீட்டினேன்.
மரம் நன்றாய்ப் பருத்திருந்தது,
ரப்பர் மெலிந்து, வெளிறி, அறாமல்.
ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன்.
இடமிருந்தது.

கோப்பை மூடச் சொல்லி இரண்டு குறிப்பு வந்துவிட்டது.
மூடுகிற காரணம் கேட்கிற கட்டத்தில்
பேனை நிற்கிறது.

போன கிழமை சுகிர்தன் கோல் எடுத்தான்.
கூனிவாயில் மரம் விழுந்திட்டுதாம்.
"அனுமதி வேணுமோ அக்கா?"
வேணும், எழுதித் தா, என்றேன்.
"காரணமெண்ட இடத்திலை என்ன போட?"
அதை விடு,
நீ வாளைத் தீட்டு.