ரவை

பீடோர் சந்தைக்குப் பின்னால்
பன்றி அறுப்பவள் நான்.
செம்பனைக் குருத்து தின்ன வந்ததைச்
சுட்டுக் கொண்டுவருவார்கள்,
விடிவதற்குள் கூறு போடணும்.

காப்பிக் கடையில் இரண்டு மேசை.
ஆ லியோங் பக்கம் ரைஃபிள்:
"இருநூறு மீட்டர், ஒரே குண்டு.
விழுந்தது அதுக்கே தெரியாது."
சன்னாசி பக்கம் இரட்டைக்குழல்:
"மூச்சு கேட்கிற தூரத்துக்குப் போகாதவன்
வேட்டைக்காரனா, தபால்காரனா?"

என்னைக் கேட்டால்,
ரைஃபிள் துளை சுத்தம்,
குண்டு வெளியேறிய பக்கம்தான் பாழ்.
இரட்டைக்குழலென்றால் ரவை பொறுக்கணும்.
போன தீபாவளிக்குக் கிராணி வீட்டில்
ஒரு பல் போச்சு. திட்டு எனக்கு.

நேற்று ஆ லியோங் இறக்கியது
கிழட்டு ஆண் பன்றி.
கழுத்தில் ஒரே துளை, அழகு.
பின்சப்பையில் கத்தி 'டிக்'கென்றது.
தோண்டினேன்.
ஏழு ரவை. சதை மூடிக் கொழுப்பேறி.
எத்தனை வருஷம் நொண்டியதோ.

தட்டில் போட்டுக் கடைக்கு எடுத்துப்போனேன்.
யாரும் பேசவில்லை.
சன்னாசி எழுந்து வந்தார்.
ஒன்றை எடுத்து விரலில் உருட்டினார்,
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
காப்பிக்குக் காசு வைத்தார்,
இரண்டு மேசைக்கும்.