சிவப்பு டம்ளர்

பத்து நாள் என்றுதான் அண்ணன் சொன்னான்.
புதுவயல் பஸ் நிறுத்தத்தில்
ஒரு ரெக்ஸின் பை, ஒரு தலையணை, இரண்டு பிள்ளைகள்.
அண்ணியை மதுரையில் சேர்த்த கையோடு வந்திருந்தான்,
சட்டையில் ஆஸ்பத்திரி வாடை.
காப்பி வேண்டாமென்று
அடுத்த காரைக்குடி பஸ்ஸில் ஏறிவிட்டான்.

சஷ்வின் அழவில்லை.
அழக் கூடாதென்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள்
நாலரை வயசுப் பிள்ளையிடம்.
தன்ஷி அவனுக்கும் சேர்த்து அழுதாள்.

என் யாழு அவளுக்கு இருபது நாள் இளையவள்.
இரண்டு பேருக்கும் இடது இடுப்புதான் வேண்டும்.
வலது பக்கம் எனக்குப் பிடிப்பு என்று
எப்படித்தான் தெரிந்ததோ.

எங்கள் ஊர் அரிசி மில் புகைக்கூண்டுகளுக்கு
துவைத்த துணியென்றால் ஒரு பிரியம்.
கொடியில் பதினேழு ஜட்டி காய்ந்தால்
பதினேழிலும் உமிச்சாம்பல்.
உதறி மடிக்கையில்
எது யாருடையது என்று பார்ப்பதை
இரண்டாம் வாரமே விட்டுவிட்டேன்.

முட்டையில் மட்டும் பார்த்தேன்.
இரண்டே இருந்த நாளில்
மஞ்சள்கரு இரண்டும் அந்தப் பக்கம் போயிற்று.
நாளைக்கு ஒரு சொல் வந்துவிடக் கூடாதே.
எதிர்வீட்டு நாச்சம்மை
"உம்பிள்ளைக்குக் கழுத்தெலும்பு தெரியுதே" என்றாள்.
"ஓடுற வயசுக்கா" என்றேன்.

மில்லில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவர்
பகலெல்லாம் உள்ளறையில் தூங்குவார்.
மூன்று வாயையும் சாயங்காலச் சங்கு ஊதும்வரை
பொத்தி வைத்திருப்பதே ஒரு உத்தியோகம்.

சிவப்பு டம்ளர் ஒன்றுதான் இருந்தது.
பச்சையிலும் அதே பால்தான் என்றால்
கேட்கிற வயசா?
தன்ஷி பிடுங்கினாள். கவிழ்ந்தது.
பால் பாயைத் தாண்டி ஓடியது.
கையை ஓங்கிவிட்டேன்.
ஓங்கிய கை நடுவில் யோசித்தது,
தாய் படுத்துக்கிடக்கிற பிள்ளையாச்சே என்று.
யோசித்ததே தவிர இறங்காமல் இருக்கவில்லை.
பக்கத்தில் சும்மா நின்ற யாழுவின் முதுகில் இறங்கியது.
நான் அடிக்கலாம் என்றிருந்த ஒரே முதுகு.

அவள் அழ மறந்து என்னைப் பார்த்தாள்.
சஷ்வின் அடுப்படிக்குப் போய்
கரித்துணி எடுத்துவந்து பாலைத் துடைத்தான்.
நான் கேட்கவில்லை.
அதுதான் ஒரே தடவை என்று எழுதத்தான் ஆசை.

யாழுவுக்குப் பேச்சு கூடிவந்த நேரம்.
அதுகள் இரண்டும் கூப்பிடுவதையே
அவளும் பிடித்துக்கொண்டாள்.
"அத்தை, தண்ணி."
"அத்தை, ஆய்."
தெருவே சிரித்தது. நானும்தான்.
ஒரு ராத்திரி தொட்டிலை ஆட்டிக்கொண்டே
மெதுவாகக் கேட்டேன்,
"நான் யாருடி?"
"அத்தை."
"அம்மா சொல்லு."
தூக்கக் கலக்கத்தில்
தெரிந்த செய்தியைத்தான் சொன்னாள்:
"அம்மா மதுரைல."

நாற்பத்தோராம் நாள் கார் வந்தது.
தையல் பிரியாத வயிற்றோடு அண்ணி இறங்கவில்லை,
கண்ணாடியை இறக்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.
அவள் நகங்களை யாரும் வெட்டிவிட்டிருக்கவில்லை.
தன்ஷி என் கழுத்தை விடாமல்
சேலைப் பின்னைக் கழற்றியே விட்டாள்.
பையில் சிவப்பு டம்ளரைத் திணித்தேன்.
சஷ்வின் அதை வெளியே எடுத்து
யாழுவின் கையில் கொடுத்துவிட்டு
முன்சீட்டில் ஏறிக்கொண்டான்.

எட்டு நாள் கழித்து போன் பண்ணினான்.
சாப்பிட்டாயா என்றேன், ஸ்கூல் போனாயா என்றேன்.
எல்லாவற்றுக்கும் ம் என்றவன்
கேட்டான்,
"அத்தை, யாழுவ இன்னைக்கு அடிச்சியா?"
"இல்லடா."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சுதான் கேட்டது.
பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி,
"ஆமா, நாங்கதான் அங்க இல்லையே."