ஒற்றை முத்து

செவ்வாய்ப்பேட்டையில் எனக்கு அரசு வேலை.
வருகிற கால்களை மணைமேல் வைக்கச் சொல்லி
கொலுசின் வாயை ஊதுகுழலால் மூடுகிறேன்.
ஆணென்றும் பெண்ணென்றும் இல்லை, எல்லாருக்கும் ஒரே எடை வெள்ளி,
உள்ளே ஒரே ஒரு முத்து.
போகவேண்டிய தெருவில் போகும்வரை அது பேசாது.

ஐந்து ரோட்டில் இப்போது ஹாரன் கிடையாது.
பூட்டு விற்ற கடை ஜவ்வரிசி விற்கிறது.
ஊர் அத்தனை அமைதி,
இரும்பாலைச் சங்கு ஊதினால்
தொட்டில்கள் திடுக்கிடுகின்றன.

சிரிக்காதீர்கள்.
என் அக்கா அஞ்சலை
இரண்டாம் ஷிப்ட் முடிந்து கிளம்பியவள்
வீடு வந்து சேரவில்லை.
கொலுசுக்கு முந்தைய காலம் அது.
அவள் பங்குச் சோற்றில் அம்மா தண்ணீர் ஊற்றி வைத்தாள்,
விடிந்ததும் நாங்கள் அதைக் குடித்தோம்.
இன்று என் மகள் கௌசிகா
இரவு ஒன்றரைக்குத் தனியாக நடந்து வருகிறாள்,
வாயில் ஏதோ பாட்டோடு.
மனுவில் கையெழுத்திட்ட முதல் ஆயிரம் பேரில்
நானும் ஒருவன்.

சடையப்பன் மட்டும் மாதம் ஒருமுறை வருவான்.
அறுத்த கொலுசைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து
தபால் கொடுப்பதுபோல் நீட்டுவான்,
அபராத ரசீதோடு.
இந்த முறை குதிகாலில் செம்மண்,
முழங்காலில் கீறல்.

"எதுவரைக்கும்?"
"பதினாலாவது வளைவு வரைக்கும் ரோட்டுல.
அப்புறம் காப்பித் தோட்டத்துக்குள்ள."
"அங்க என்னய்யா இருக்கு?"
"ஒண்ணுமில்லைங்க. குளிரு. முள்ளு.
பூ பூத்திருந்துச்சு. இருட்டுல தெரியலை, வாசம்தான்."
கொஞ்ச நேரம் தன் காலையே பார்த்தான்.
"வழி தப்பிப்போச்சுங்க.
வழி தப்பி எத்தன வருசமாச்சு!"

பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.
"அப்ப ஏன் திரும்பி வந்தே?"
"எருமை கறக்கணுமில்ல."

அன்று கடை சாத்திவிட்டு நடந்தேன்.
நான் திரும்பவேண்டியது இடது சந்து,
பதினெட்டு வருஷமாய் இடது.
வலதில் என்ன இருக்குமென்று தெரியும்:
மாவு மில், சுண்ணாம்பு உதிர்ந்த சுவர்,
அதில் சாய்த்த ஒரு சைக்கிள்.
கால் போனது.
முத்து சிணுங்கியது, ஒரே தரம்.
நான் அடைத்த முத்து, சுத்தமான ஒலி.
மாடியில் ஒரு விளக்கு எரிந்தது. இன்னொன்று.
யாரும் திட்டவில்லை. பார்த்தார்கள்.
சைக்கிள் அங்கே இல்லை.

ஒன்றரைக்கு வந்த கௌசிகா
சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்,
"உங்களோடது அடிச்சுதாமே.
தெருமுனையிலயே சொல்லிட்டாங்க."
"பத்தவெச்சது சரியில்ல" என்றேன்.
குனிந்து என் கணுக்காலைத் திருப்பிப் பார்த்தாள்.
மூட்டு எங்கேயென்று
தேடினாலும் கிடைக்காத வேலை அது.

ஒன்றும் சொல்லவில்லை.
தட்டைத் தள்ளிவைத்துவிட்டுத்
தன் காலை என் மடியில் நீட்டினாள்.

குழல் பையில்தான் இருந்தது.
அந்த விடியலின் நீராகாரம்
நாக்கடியில் புளித்தது.