துருசுக்காரனின் எக்கோ

ஆறு நிமிசம் நாற்பது செக்கன்.
"காணும், இறங்குங்கோ" என்றாள் சுகிர்தா.
ஓடுபட்டி நின்ற பிறகும்
என் கால் கொஞ்சம் நடந்தது.

திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு கதவு
திறந்து திறந்து மூடியது.
இறைக்கிறது அறுபத்திரண்டு வீதம், திறம் எண்டார் டொக்டர்.
தளர்ந்து நிரம்பத்தான் பிந்துது.
லேசான குறை. தினமும் நடவுங்கோ.

கிளிநொச்சியிலிருந்து மல்லாவி பஸ்ஸில்
யன்னலோரம் அதையே யோசித்தபடி வந்தேன்.
இருபத்திமூன்று வருசம் வவுனிக்குளத்தில் நான்,
திறந்துவிட்டதற்கு மட்டும்தான் கையெழுத்து வைத்திருக்கிறேன்.
பாலியாறு வந்து சேர்ந்த இரவுகளை
எந்தக் கொப்பியிலும் எழுதவில்லை.

இப்போது விடிய அணைக்கட்டில் நடக்கிறேன்.
நாலாவது கட்டைவரை கதைத்துக்கொண்டு,
அதற்கப்பால் கதை இல்லை.
முந்தி நாற்பது சுற்றும் ஒரே மூச்சு.
இண்டைக்குப் பதினொன்றில் கைபிடியை விட்டேன்.
யோகலிங்கம் ஓடி வந்தான்.
வேண்டாம், நில் என்றேன்.

கடைசி வாய்க்காலில் இருந்து போன்:
அண்ணை, தண்ணியைக் காணேல்லை.

வரும் தம்பி.
இங்கை ஒண்டு
நிரம்பிக்கொண்டு நிக்குது.