எட்டு டிகிரி

உறையின் பின்புறம் எழுதியிருந்தது:
உறைபனியிலிருந்து காக்கவும்.
கடலூர் முதுநகரில், ஐப்பசி நடுப்பகலில்,
முதுகில் ஜாக்கெட் ஒட்டிக்கொண்டிருக்க
அதை இரண்டு முறை வாசித்தேன்.

ஹையசிந்த். பன்னிரண்டு கிழங்கு.
தனவேலிடம் பெயரைச் சொன்னதும்
கெடிலத்துல மண்டிக் கிடக்குதே, அதுவா,
அதுக்கா காசு குடுத்தீங்க என்றார்.
அது ஆகாயத்தாமரை. இது வேறு.
எடுத்துப் பார்த்தார். வெங்காயம் என்றார்.
சற்று நேரத்தில் கையைச் சொறிந்துகொண்டே
இல்ல, கருணைக்கிழங்கு என்று திருத்தினார்.

நான் ஐஸ் கம்பெனியில் பில் போடுகிறவள்.
எத்தனை பார், எந்தப் படகு, யார் பாக்கி.
குளிரை விற்கிற இடத்தில்
பத்து வாரக் குளிரை இரவல் கேட்பது
சம்பளத்தில் முன்பணம் கேட்பதைவிடக் கூச்சம்.

ஐஸ் அறைக்குள் வைத்தால் உறைந்து சாகும்.
வெளியே வைத்தால் அவிந்துபோகும்.
நடுவில், இரண்டு கதவுகளுக்கு இடைப்பட்ட இருட்டில்
பாதரசம் எட்டில் நிற்கும்.
அங்கே, விளிம்பு உடைந்த தெர்மாகோல் மீன்பெட்டியில்
செய்தித்தாள் போர்த்திப் படுக்க வைத்தேன்.

கார்த்திகைக் கடைசியில் புயல்.
மூன்று நாள் கரண்ட் இல்லை, டீசலும் இல்லை.
குழாய்களில் படிந்த வெள்ளை சொட்டிச் சொட்டி மறைந்தது.
பார்கள் முனை மழுங்கி
வாய்க்கால் வழியே துறைமுகத்துக்கே போய்விட்டனவாம்.
நான் வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தேன்.
கிழங்கு நினைவே வரவில்லை, பொய் சொல்வானேன்.

நான்காம் நாள், பதிவேட்டில்
என் கையெழுத்தில் இல்லாத ஒரு வரி:
அரை பார். உமி ஒரு மூட்டை.
வாங்கியவர் பெயர்: வெங்காயம்.

அந்த பாக்கியை இன்னும் வசூலிக்கவில்லை.

தையில் ஊறுகாய் பாட்டில்களின் கழுத்தில் உட்காரவைத்தேன்,
தண்ணீர் அடியைத் தொடாமல்.
சேமியா போல வேர் இறங்கியது கண்ணாடிக்குள்.
ஏழு அழுகின.
மூன்று இலையோடு போதும் என்றுவிட்டன.
ஒன்று மொட்டைக் காட்டிவிட்டுக் கருகியது.

மிச்சம் ஒன்று
மாசிமகத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை
தண்டு நீளாமல், இலைக்குள்ளேயே குந்தியபடி
திறந்தது.
பில் புத்தகத்துக்கு நடுவே வைக்கும்
கார்பன் தாளின் நீலம்.

மேசைமேல் வைத்தேன்.
லோடு ஏற்ற வந்தவர்கள் அதன்மேல் துண்டைப் போட்டார்கள்.
தனவேல் துண்டை எடுத்தார், குனிந்தார்.
முப்பது வருஷ அம்மோனியா, எனக்கு வாசனையே தெரியாதும்மா
என்றார், ஏதோ தவறு செய்தவர்போல.
பிறகு பூவைத் தொடாமல்
பாட்டிலில் புறங்கையை வைத்துப் பார்த்தார்,
குளிர் இருக்கிறதா என்று.