மரம் ஏழு, பெயிண்ட் ஆறு

போன ஆடிக் காற்றில்
ஏற்காட்டில் தம்பி வேலை பார்க்கும் எஸ்டேட்டில்
காப்பிச் செடிகள் மேல் சாய்ந்த சில்வர் ஓக்
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி
அறுபட்டு, காய்ந்து
சூரமங்கலம் வந்து சேர்ந்தபோது
ஏழு கதவுக்குத்தான் இருந்தது.

எங்கள் சமையலறைக்கு வேண்டியது பதின்மூன்று.

"மிச்சத்துக்குப் பிளைவுட் போட்டு
எல்லாத்துக்கும் ஒரே வெள்ளை அடிச்சிரலாம்"
என்றார் தனசீலன்.
முப்பது வருடம் வெள்ளைக்கல் சுரங்க ஆபீசில்
லோடு கணக்கு எழுதியவர்.
காலரில் வெள்ளை, சைக்கிள் சீட்டில் வெள்ளை,
டிபன் பாக்ஸ் மூடியின் விளிம்பில்கூட வெள்ளை.
துடைக்கத் துடைக்க வந்து உட்காருவது.
அப்புறம் ஏன் அதையே கேட்கிறார்?

நான் கேட்டுக்கொள்ளவில்லை.
கல்யாணமாகிப் பதினாலு மாதம்தான்.
இருவருக்கும் இரண்டாவது.
சில கேள்விகளை இன்னும்
ஸ்டூல் போட்டால்தான் எட்டும் தட்டில் வைத்திருக்கிறேன்.

ஆசாரி சாதிக் பாய்
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்:
"மேல மரமா வுடுங்க, கீழ பெயிண்ட் அடிங்க.
கீழ தண்ணி தெறிக்கும், வெளக்குமாறு இடிக்கும்,
சிலிண்டரு உருளும்.
மேல கைதான படும்."

"ரெண்டும் ஒட்டுமா பாய்?"

"எதுக்குங்க ஒட்டணும்?
கீலு நேரா இருந்தாப் போதும்."

நிற அட்டையோடு ஒரு வாரம் போனது.
வெள்ளையில் மட்டும் நாற்பது வெள்ளை.
ஒவ்வொன்றின் ஓரத்திலும்
ரசத்தைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன்.
கடைசியில்
காப்பி இலையின் அடிப்பக்கம் போல ஒரு மங்கல் பச்சை.
அவருக்கு முழுச் சம்மதமில்லை.
எனக்கும்தான்.

பெயிண்டரோடு வந்த பையன்
தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கியபடி
யாரையோ சமாதானம் பண்ணிக்கொண்டே
ஆறு கதவையும் முடித்து
சுவரோரம் சாய்த்திருந்த ஒரு மரக்கதவிலும்
பாதிக்கு மேல் இழுத்துவிட்டான்.

தின்னர். பழைய வேட்டித் துணி.
தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது.
மேலே இருந்தது வந்துவிட்டது.
ரேகைக்குள் இறங்கியது வரவில்லை.
செதில் செதிலாய் மின்னும் அந்த மரத்தில்
நரம்புபோல் பச்சை ஓடி நின்றது.

உப்புத்தாளை எடுத்த பாயின் கையை
தனசீலன் பிடித்தார்.
"இருக்கட்டும்."

ஏன் என்று
அவரும் சொல்லவில்லை.

பாத்திரம் அடுக்கும் நாள்.
என் எவர்சில்வரில்
அப்பாவின் இனிஷியலோடு நான்.
அவர் கொண்டுவந்ததில் குணசுந்தரி,
புள்ளி புள்ளியாய், தேதியோடு,
சீர் வைத்த மாமன் பெயரோடு.

அந்த அட்டைப்பெட்டியை
சிங்குக்கு அடியில்
பச்சைக் கதவுக்குப் பின்னால் தள்ளினார்.
குனிந்தவர் நிமிரக் கொஞ்சம் நேரமானது.
முட்டிவலி என்றார்.

ராத்திரி
ஆறு டம்ளர்களை மட்டும் எடுத்துக் கழுவி
பச்சை நரம்போடிய மரக்கதவுக்குள் கவிழ்த்தேன்.
கைக்கு எட்டும் உயரம்.
காலையில் பார்த்தார்.
பால் பாக்கெட்டை வெட்டப் போய்விட்டார்.

ஐப்பசி மழைக்கு
மரக்கதவுகள் உப்பிக்கொண்டன.
கீழே பச்சை ஆறும் சொன்னபடி மூடுகின்றன,
கைப்பிடி ஓரத்தில் மட்டும்
அதற்குள் மஞ்சள் பிடித்துவிட்டது.
மேலே நரம்போடியது
எவ்வளவு அழுத்தினாலும்
இரண்டு விரற்கடை திறந்தே நிற்கிறது.
போன் போட்டால்
"தை பொறந்தா தானா அடங்கிரும்,
சீவிப்புடாதீங்க" என்கிறார் பாய்.

விடியற்காலை
ஈரோடு வண்டி கூவிப் போகும் நேரம்
லைட்டைப் போட்டதும்
அந்த இடுக்கில் முதலில் தெரிவது
தலைகீழாய்
'குண' வரை.
மீதி கதவுக்குப் பின்னால்.

அதை எடுத்துத்தான் ஆற்றுகிறேன்.
அவருக்குச் சர்க்கரை
அரை ஸ்பூன்.